சீட்டைத் திருப்பிக் கொடுத்த மெத்துன்

எங்கள் ஊரில் மெத்துனோடு தெருவில் நடந்து போவதென்றால் மானத்தை வீட்டில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். கோயில் வாசல் வந்தால் நின்று, கன்னத்தை உப்பிக்கொண்டு, 'உஃப்' என்று ஊதுவார். உள்ளே இருப்பது தெய்வமில்லை, பேய். அதை ஊதி விரட்ட வேண்டும் என்பது அவர்கள் கிறிஸ்தவ சபையின் வழக்கம். மற்ற சபைக்காரர்கள் யாரும் பார்க்காதபோது உதட்டோரமாக ஊதிக்கொண்டு போவார்கள். இவர் ஊதினால் மூன்று கடை தள்ளிக் கேட்கும்.

சதுக்கத்தில் இருந்த ரோமப் பேரரசரின் சிலைக்கு முன்னால் மட்டும் வேறு முறை. முதலில் சிலையின் முகத்தைப் பார்த்து மரியாதையாகத் தலை வணங்குவார். பிறகு எட்டி, சிலையின் இடது தோளுக்கு மேலே, வெறும் காற்றைப் பார்த்து ஊதுவார்.

"எதுக்கு மச்சான் இந்தக் கூத்து? ஒண்ணு கும்பிடுங்க, இல்ல ஊதுங்க" என்று ஒருமுறை கேட்டேன்.

"ராஜா மனுஷன், மாப்ள. அவரை உக்கார வச்சது ஆண்டவர். அவருக்குத் தலை வணங்கறேன். அவர் தோளுக்குப் பின்னால ஒருத்தன் நின்னுக்கிட்டு மூக்கை நீட்டிக்கிட்டிருக்கான் பாரு, அவனுக்குத்தான் ஊதறது."

நான் பாரிக். அவருடைய மனைவி பிரிக்தாவின் தம்பி. வட ஆப்பிரிக்காவில், கார்த்தேஜிலிருந்து கிழக்கே இரண்டு நாள் நடையில் இருக்கும் எங்கள் துறைமுக ஊரில், ஊராட்சி அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவன். அந்த நாளில் எனக்கு எல்லாச் சாமியும் ஒன்றுதான். எந்தச் சாமிக்கு விடுமுறை விட்டாலும் வீட்டில் படுத்துத் தூங்குவேன். அக்காவும் ஊர்த் தெய்வங்களைக் கும்பிடுகிறவள்தான். புருஷன் ஊதிவிட்டு வந்த கோயிலில் அவள் போய் விளக்கு வைத்துவிட்டு வருவாள். இருவருக்கும் இதில் சண்டை வந்து நான் பார்த்ததில்லை. உப்புமீன் குழம்பில் பூண்டு குறைந்தால் மட்டும் சண்டை வரும்.

மெத்துனுக்குத் தொழில் துணி வெளுப்பது. தெருமுனைகளில் ஜாடிகள் வைத்திருப்பார். போகிறவர் வருகிறவரெல்லாம் அதில் சிறுநீர் கழிப்பார்கள். அது புளித்த பிறகு தொட்டியில் ஊற்றி, அதற்குள் கம்பளி ஆடைகளைப் போட்டு, இடுப்பளவுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நாள் முழுவதும் மிதிப்பார். ஊர்ப் பெரிய மனிதர்களின் வெள்ளை அங்கிகளெல்லாம் அவர் காலடியில் வெளுத்தவைதான். அதை அவர்களிடமே சொல்லிச் சிரிப்பார். அவர் உடம்பிலிருந்து அந்த வாடை ஒருநாளும் போனதில்லை. பேய்கள் அதற்குப் பயந்தே ஓடியிருக்கும் என்று நான் சொன்னால், "ஓடினா சரி" என்பார்.

ஆமாம், அவர் பேயோட்டி. சபையில் அது ஒரு பொறுப்பு. மதியத்துக்கு மேல் குளித்துவிட்டு, சபை கூடும் வீட்டுக்குப் போவார். அங்கே ஆவி பிடித்தவர்கள் நான்கைந்து பேர் எப்போதும் இருப்பார்கள். அவர்களுக்கு முதலில் வாற்கோதுமைக் கஞ்சி கொடுப்பார். பிறகு துடைப்பத்தைக் கையில் கொடுத்து வீட்டைப் பெருக்கச் சொல்வார். எல்லாம் முடிந்த பிறகுதான் தலையில் கை வைத்து ஜெபம். புகை, உடுக்கை, தாயத்து எதுவும் கிடையாது. "நீ யார், பேரைச் சொல்லு" என்பார்; பேய் பேரைச் சொல்லும்; "வெளியே போ" என்பார். வேலை ஆளை அனுப்புகிற குரல்தான், அதற்கு மேல் ஒன்றுமில்லை.

ஸ்பெசினா என்று ஒருத்தி. மீன்வலை பின்னுகிறவள், முப்பது வயது இருக்கும். ஆவி வந்தால் ஆண்குரலில் கத்துவாள், தன் கையையே கடித்துக்கொள்வாள். அவள் அண்ணன் ஊரிலுள்ள எல்லா மந்திரவாதியிடமும் கூட்டிப்போய் ஓய்ந்து, கடைசியில் மெத்துனிடம் கொண்டுவந்து விட்டான். இரண்டு வருடமாக அவர்தான் பார்த்து வந்தார். முழுதாகப் போகவில்லை, ஆனால் அவர் கை வைத்தால் அடங்கும், அவள் எழுந்து வலையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விடுவாள்.

பேய்களைப் பற்றி மெத்துனிடம் ஒரு கணக்கு இருந்தது. அவற்றுக்கு உடம்பு இல்லை, அதனால் சோறு தின்ன முடியாது. பலியின் புகையும் ரத்தத்தின் ஆவியும்தான் ஆகாரம். அதைச் சம்பாதிக்கத்தான் சிலைக்குள் புகுந்து தெய்வம் என்று பேர் வைத்துக்கொண்டன. ஒவ்வொரு வீடாகப் போய்ப் பிச்சை எடுப்பது கஷ்டம். ராஜாவின் காதில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் தேசமே சமைத்துப் போடும். "அரசியல்னா வேற என்ன மாப்ள? பசி எடுத்த பேய் ஒண்ணு, சொன்னதெல்லாம் கேக்கற ராஜா ஒண்ணு" என்பார். நான் அலுவலகத்தில் வேலை பார்க்கிறவன். இதைக் கேட்டுவிட்டு நாலு பக்கமும் திரும்பிப் பார்ப்பேன்.

அப்படி இருக்கும்போதுதான் அந்த ஆணை வந்தது. பேரரசில் உள்ள ஒவ்வொருவரும் தெய்வங்களுக்கும் பேரரசரின் காவல் ஆவிக்கும் பலி கொடுக்க வேண்டும். ஐந்து பேர் குழுவின் முன்னால் சாம்பிராணி போட்டு, திராட்சைமது ஊற்றி, பலி இறைச்சியில் ஒரு துண்டு தின்ன வேண்டும். செய்தவருக்கு 'பார்த்தோம்' என்று முத்திரை வைத்த சீட்டு உண்டு. சீட்டு இல்லாதவருக்குச் சிறை, சுரங்கம், அதற்கு மேலும். சீட்டு எழுதுகிற வேலை எனக்கும் இன்னொரு எழுத்தருக்கும்.

சபைக்காரர்கள் வரமாட்டார்கள் என்று நினைத்தேன். விடிந்ததும் பார்த்தால் வரிசையில் பாதி அவர்கள்தான்! சபைக்குத் தலைவரான ஆயரோ மலைப்பக்கம் எங்கேயோ போய் ஒளிந்துகொண்டார். சிலர் கண்ணை மூடிக்கொண்டு தின்றார்கள். ஒருவர் இன்னொரு துண்டு கேட்டுவாங்கித் தின்றார். மெத்துன் மட்டும் தொட்டியில் துணி மிதித்துக்கொண்டிருந்தார்.

கெடுவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, நடுமத்தியானம், அக்கா அலுவலகத்துக்கே வந்துவிட்டாள்.

"டேய், உன் மச்சானுக்கு ஒரு சீட்டு எழுது."

"அவர் வந்தாத்தானே எழுத முடியும்?"

"அவர் வர மாட்டாரு. உனக்குத் தெரியும். நாளன்னைக்குப் படைவீரனுங்க வீடு வீடா வரானுங்களாம். நீ எழுதறியா, இல்ல நான் இங்கயே உக்காந்து அழவா?"

"மாட்டினா என் கழுத்து போயிடும்க்கா."

"அவரைக் கொண்டுபோயிட்டா என் கழுத்து இருந்து யாருக்குடா?"

எழுதினேன். 'மெத்துன், துணி வெளுப்பவன், எங்கள் முன்னிலையில் பலி கொடுத்தான், தின்றான். பார்த்தோம்.' முத்திரைக்குப் போகிற சீட்டுக் கட்டுக்கு நடுவில் சொருகினேன். ஐந்து பெரியவர்களும் படித்துப் பார்க்காமலே முத்திரை குத்தினார்கள். அதே கையோடு சதுக்கத்துப் பலகையிலும் அவர் பெயரைச் சேர்த்தேன். பலி கொடுத்தவர்களின் பட்டியலை வெள்ளையடித்த பலகையில் எழுதி வைப்பது முறை. பட்டியலும் சீட்டும் ஒத்துப்போக வேண்டும். நான் எதையும் ஒழுங்காகச் செய்கிறவன்.

படைவீரர்கள் வந்தார்கள். மெத்துன் தொட்டியில் இருந்தபோது அக்கா வாசலிலேயே சீட்டைக் காட்டி அனுப்பிவிட்டாள். அவருக்கு ஒன்றும் தெரியாது. "வந்தானுங்க, என்னைப் பார்த்தானுங்க, போயிட்டானுங்க. ஆண்டவர் கண்ணைக் கட்டிட்டாரு" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். நானும் அக்காவும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தோம். இவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டதே என்று அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

ஒன்பது நாள் கழித்து ஸ்பெசினாவுக்கு ஆவி வந்தது. மெத்துன் வழக்கம்போலத் தலையில் கை வைத்து "வெளியே போ" என்றார். அது போகவில்லை. சிரித்தது.

"நீ யாருடா என்னைப் போகச் சொல்ல? நம்ம பந்தியில உக்காந்து தின்னவன்தானே நீ? உன் பேரு எங்க பட்டியல்ல இருக்கு" என்றது.

என்னைக் கேட்டால், அவளுடைய அண்ணன் பலகையைப் படித்திருப்பான், வீட்டில் பேசியிருப்பான், அது அவள் காதில் விழுந்திருக்கும். பிறகு மெத்துனிடம் இதைச் சொல்லியும் பார்த்தேன். "உன்னைவிட அது நல்ல எழுத்தர், மாப்ள. எவன் எவன் தனக்குப் பரிமாறினான்னு எழுதி வச்சிருக்கும்" என்றார். எது எப்படியோ, அவர் மூன்று முறை கட்டளையிட்டும் அது அடங்கவில்லை. அவள் தன் கையைக் கடித்த கடியில் எலும்பு தெரிந்தது. கயிற்றால் கட்டித் தூக்கிப் போனார்கள்.

அவர் நேராகச் சதுக்கத்துக்குப் போய்ப் பலகையைப் பார்த்தார். பிறகு வீட்டுக்கு வந்து அக்காவின் முன்னால் கையை நீட்டினார். அவள் ரொட்டிப் பெட்டியின் அடியிலிருந்து சீட்டை எடுத்துக் கொடுத்தாள்.

"ஏங்க, அது வெறும் காயிதம்."

"எனக்கும் உனக்கும் காயிதம். அந்தப் பேய்க்கு? எஜமான் யாருன்னு எழுதின சாசனம். நான் போய் 'வெளியே போடா'ன்னா, அது இந்தச் சாசனத்தைத் தூக்கிக் காட்டுது. அந்தப் பொண்ணு கையைப் பார்த்தியா நீ?"

"உங்க உசிரைவிடவா அவ கை பெரிசு?"

"அப்படிக் கேளு, கேளு. எனக்கும் பதில் தெரியல. ஆனா இதை வச்சுக்கிட்டு நான் பேயோட்டி இல்ல. வெறும் மூத்திரம் மிதிக்கிறவன்."

மறுநாள் காலை அலுவலகத்துக்கு வந்துவிட்டார். குழுவின் தலைவர் கார்கிலியஸ் மேசையில் இருந்தார். எண்ணெய் வியாபாரி. கெட்டவர் இல்லை, ஒரு மாதமாகத் தூக்கம் இல்லாதவர். பக்கத்தில் நான். மெத்துன் சீட்டை எடுத்து மேசையில் வைத்தார்.

"ஐயா, இதைத் திருப்பி எடுத்துக்குங்க. நான் பலி கொடுக்கல."

கார்கிலியஸ் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சீட்டு வாங்காதவனை என்ன செய்வது என்று ஆணையில் இருந்தது. வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பவனை என்ன செய்வது என்று பேரரசில் ஒருவரும் யோசித்திருக்கவில்லை.

"உன் பேர்தானே போட்டிருக்கு?"

"பேர் என்னுது. சேதி பொய்."

"அஞ்சு முத்திரை இருக்குய்யா. 'பார்த்தோம்'னு இருக்கு. நாங்க பார்த்திருக்கோம்னா நீ செஞ்சிருக்க. மறந்திருப்ப."

"அப்ப உங்க சாமிகிட்டயே கேளுங்க, என் கையால ஒரு பிடி புகை வாங்கிச்சான்னு. சாப்பிட்டவன் மறப்பான். பட்டினி கிடந்தவன் மறக்க மாட்டான்."

மூலையில் நின்ற காவலன் களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான்.

"மெத்துன், உனக்கு ராஜாமேல என்னய்யா விரோதம்?"

"விரோதமா? என்னைவிட ராஜாவுக்கு வேண்டியவன் இந்த ஊர்ல யாரு?" என்று சொன்னவர், அங்கேயே இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஜெபம் செய்ய ஆரம்பித்துவிட்டார். "ஆண்டவரே, எங்க ராஜாவுக்கு ராத்திரி நல்ல தூக்கத்தைக் குடும். அவர் பிள்ளைங்களுக்குச் சுகத்தைக் குடும். எல்லையில நிக்கிற வீரனுக்குக் கால்ல நல்ல செருப்பைக் குடும். அவருக்காக வேலை செய்யிறவங்க கையால பொய் எழுதாதபடிக்குக் காத்துக்கொள்ளும். ஆமென்." கையை இறக்கினார். "வரி கேட்டாரு, குடுத்தேன். பாலம் கட்ட ஆள் கேட்டாரு, போய்க் கல் சுமந்தேன். சோறு கேக்கறது அவர் இல்லீங்க ஐயா. பின்னால நிக்கிறது. அதுக்கு நான் சமைக்க மாட்டேன். அதுக்குச் சமைச்சேன்னு ராஜாவுக்குப் பொய்யும் எழுத மாட்டேன். அவரை ஏமாத்தறது நானா நீங்களா?"

கார்கிலியஸ் சீட்டை மறுபடி கண்ணருகே கொண்டுபோனார். பிறகு தலையை என் பக்கம் லேசாகத் திருப்பினார். எழுத்தை அடையாளம் கண்டுகொண்டுவிட்டார். பத்து வருடமாக என் எழுத்தைப் பார்க்கிறவர்.

"இதை எழுதினது யாரு?"

"பேரைக் கேட்டு வாங்கறது என் தொழில், ஐயா. சொல்றது இல்ல" என்றார் மெத்துன்.

கார்கிலியஸ் சீட்டை மடித்து அவர் கையிலேயே திணித்தார். "வீட்டுக்குப் போய்யா. நீ பலி கொடுத்திருக்க. நல்ல குடிமகன். இதுக்கு மேல பேசினா அஞ்சு பேர் தலை உருளும், என்னுதையும் சேர்த்து. போ." காவலன் தோளைப் பிடித்து வெளியே கொண்டுபோய் விட்டான். அப்பாடா என்று சொல்லிக்கொண்டேன். அரசாங்கமே ஒருவனைப் பிடிவாதமாகக் காப்பாற்றியதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மெத்துனை அறிந்தவன் அப்பாடா என்று சொல்லியிருக்கக் கூடாது. மறுநாள், சந்தை கூடுகிற வேளையில், ஒரு வாளியில் துணி வெளுக்கிற காரநீர், ஒரு கையில் அழுக்கெடுக்கும் உவர்மண், தோளில் கம்பளித் துணி, எல்லாவற்றோடும் சதுக்கத்துக்கு வந்தார். பலகையின் முன்னால் மண்டியிட்டு, தன் பெயர் இருந்த வரியை மட்டும் வெளுக்க ஆரம்பித்தார். மேல் வரிக்கும் கீழ் வரிக்கும் ஒரு சொட்டு படவில்லை. விலையுயர்ந்த அங்கியில் கறை எடுக்கிற அதே பொறுமை. கூட்டம் கூடிவிட்டது. அதில் சபைக்காரர் ஒருவர், இரண்டு துண்டு தின்றவர், மெல்லக் குனிந்து, "மெத்துன், என் பேரையும் அழிச்சிடேன்" என்றார்.

"நீ தின்னியேப்பா. உன் பேர் இருக்க வேண்டிய இடத்துலதான் இருக்கு. இதெல்லாம் உவர்மண்ணுக்குப் போகாது. ஆயர் திரும்பி வந்ததும் போய் அழு."

அரசாங்கப் பலகையில் கை வைப்பது குற்றம். காவலர்கள் அவரைப் பிடித்தார்கள். கார்கிலியஸ் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். அவர் முகத்தில் கோபத்தைவிட அலுப்புதான் இருந்தது. மெத்துனை அடிக்கப்போன காவலனைத் தடுத்துவிட்டு, என்னைக் கூப்பிட்டார். "பாரிக், தூரிகையை எடு. இருந்த வரியை இருந்தபடியே திரும்ப எழுது. அவ்வளவுதான். எல்லாரும் வீட்டுக்குப் போவோம்."

தூரிகையை எடுத்தேன். பலகையில் ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளை. கூட்டத்தில் அக்கா நின்றாள். 'எழுதுடா' என்று அவள் கண் கெஞ்சியது. எழுதினால் மச்சான் பிழைப்பார், நான் பிழைப்பேன். இரண்டு காவலர்கள் கையை முறுக்கிப் பிடித்திருக்க, மெத்துன் என்னைப் பார்த்தார்.

"உனக்கு வம்பு வேணாம் மாப்ள. தூரிகையைக் கீழ வச்சிட்டுப் போ. வேற எவனாவது எழுதட்டும்."

என்னைத் தைரியசாலி என்று யாரும் நினைக்க வேண்டாம். நான் பயந்தாங்கொள்ளி. ஆனால் அந்த மனுஷன், கையை முறுக்குகிற வலியில், என் கழுத்தைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். அது எனக்குத் தாங்கவில்லை. அறுநூறு பேருக்குப் 'பார்த்தோம்' என்று எழுதியிருக்கிறேன். ஒருவருக்குத்தான் பார்க்காமல் எழுதினேன். அந்த ஒரு வரியில் எழுதினேன்: 'மெத்துன், துணி வெளுப்பவன். பலி கொடுக்கவில்லை. பாரிக் அறிவேன்.'

எங்கள் இருவரையும் ஒரே கயிற்றில் கட்டிக் கொண்டுபோனார்கள். அக்கா பின்னாலேயே வந்தாள். அவள் எங்களைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. ஒருத்தனைக் காப்பாற்றப் போய் இரண்டு பேரையும் பறிகொடுத்தவள் வேறென்ன செய்வாள்.

பின்னால் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எங்களைச் சுரங்கத்துக்கு அனுப்ப ஆளுநரின் கையெழுத்து வர வேண்டியிருந்தது. அது வருவதற்குள் பேரரசர் வடக்கே போரில் இறந்துபோனார், ஆணையும் அவரோடு போயிற்று. அந்தச் செய்தி வந்த அன்று மெத்துன் சந்தோஷப்படவில்லை. அவருக்காக ஜெபம் செய்தார். சிறைக்குப் போன பதிமூன்றாவது மாதம் வெளியே வந்தோம். மெத்துன் அதற்குப் பிறகு பதினோரு வருடம் துணி மிதித்துவிட்டு, சொந்தக் கட்டிலில் இறந்தார். அந்தப் பதினோரு வருடமும் சதுக்கத்தில் புதுப் பேரரசர்களின் தோளுக்கு மேலே ஊதிக்கொண்டுதான் இருந்தார். என்னையும் அவர்தான் முகத்தில் ஊதி ஞானஸ்நானத்துக்கு அனுப்பினார். ஒரே பூண்டு வாடை.

ஆனால் இதெல்லாம் அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது. சிறையில் ஏழாவது நாள், சாவு இந்த வாரமா அடுத்த வாரமா என்று இருந்த நாள், ஸ்பெசினாவை அவள் அண்ணன் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தான். காவலனுக்கும் அவள்மேல் இரக்கம். சுவரில் சாப்பாடு தருகிற ஓட்டைக்குப் பக்கத்தில் அவளைக் கிடத்தினார்கள். மெத்துன் தோள்வரைக்கும் கையை வெளியே விட்டு அவள் தலையைத் தேடிப் பிடித்தார்.

"இங்கயா இருக்க, எங்க பந்திக்காரா?" என்றது அந்த ஆண்குரல்.

"பலகையைப் போய்ப் படிச்சுட்டு வந்து பேசு" என்றார் மெத்துன். அதே வேலைக்காரனை அனுப்புகிற குரல். "படிச்சாச்சுன்னா வெளியே போ."

நான் காதைச் சுவரில் வைத்திருந்தேன். அவள் உடம்பு தரையில் ஒருமுறை அடித்துக்கொள்கிற சத்தம் கேட்டது. பிறகு அண்ணன் விசும்புகிற சத்தம். மெத்துன் கையை எடுக்கவில்லை. கன்னத்தைச் சுவரில் அழுத்திக் கண்ணை மூடியிருந்தார்.

கடைசியில் அவளுடைய சொந்தக் குரல் வந்தது. வலை பின்னுகிறவளின் மெல்லிய, களைத்த குரல்.

"மெத்துன் அண்ணே... உங்க கை ஏன் இப்படி நடுங்குது?"

"பயந்தான் தாயி" என்றார் அவர். "உனக்கு இப்ப எப்படி இருக்கு, அதைச் சொல்லு."